வலிமையும் வாழ்வும்: எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு உடற்பயிற்சி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் பட்டிமன்றமும் உண்டு. குழந்தைகள் மாறுவேடம் புனைந்து மேடையேறுவர். நாம் கைதட்டி மகிழ்வோம். இத்தகைய இனிய மாலையிலே எச்.ஐ.வி. என்னும் கிருமியோடு வாழும் பெண்களின் உடல்நலம் குறித்துப் பேச நாம் விரும்பியபோது, 'மங்கல நாளில் இது வேண்டுமா?' என்று சிலர் தயங்கினர். அத்தயக்கத்தை நாம் குறை கூறவில்லை. எனினும், ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து ஒரே காலனியில் உற்றார்போல் வாழும் நாம், ஒருவரையொருவர் எந்த அளவுக்குக் காக்கிறோம் என்பதே இச்சங்கத்தின் மதிப்பை அளக்கும் கோல் அன்றோ? ஆதலின், முதலில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவோம்.

2009-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவை மூத்த உறுப்பினர் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் நம் சமையற்கூடத்தில் ஓர் அம்மையார் பணி செய்து வந்தார். பெயர் வேண்டா. சேலம் பக்கத்திலிருந்து கணவரோடு வந்தவர். கணவரை இழந்த பின்னும் இங்கேயே தங்கி, இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வந்த புதிதில், சாம்பார் நிறைந்த அண்டாவை ஒரு கை பிடித்து இறக்கி வைக்கும் வலிமை அவருக்கு இருந்தது. சில ஆண்டுகளில் அவருடைய கன்னங்கள் ஒட்டின. கை கால்கள் குச்சிபோல் மெலிந்தன. வயிறு மட்டும் பெருத்தது. அண்டாவைத் தூக்க இருவரை அழைக்க நேர்ந்தது. கணவரை இழந்தவருக்கு வயிறு பெருப்பது ஏன் என்று நம்முள் சிலர் கூசாமல் பேசினர். பிறகு நோயின் பெயரும் கசிந்தது. அவர் கழுவிய பாத்திரங்களைத் தனியே ஒதுக்கினோம். 'அடுத்த மாதம் முதல் வர வேண்டா' என்று சொன்னோம்; காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் நம் உறுப்பினர் ஒருவர் அவரைக் கண்டார். "அரசு ஆஸ்பத்திரி மாத்திரையால்தான் அம்மா நான் உயிரோடு இருக்கிறேன். அந்த மாத்திரைதான் இந்த உருவத்தையும் கொடுத்தது. உங்கள் பாத்திரத்துக்கு என்னால் ஒரு குறையும் வந்திருக்காது" என்று அவர் சொன்னாராம். அச்சொற்களில் கோபம் இல்லை என்பதே நம்மை இன்றளவும் வருத்துகிறது. அவர் கூறியது முழுவதும் உண்மை என்பதை நாம் பின்னரே கற்றோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

இந்நோயின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். எய்ட்ஸ் என்று பின்னர்ப் பெயர் பெற்ற நோய் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக அறிவிக்கப்பெற்றது. 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் அதன் கிருமி கண்டறியப்பட்டது. இந்தியாவில் அக்கிருமியை 1986-இல் முதன்முதல் வெளிப்படுத்தியவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா அவர்களும் ஆவர். இரத்த மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. கண்டறிந்தவர்களும் பெண்களே, நோயுற்றவர்கள் என்று முதலில் அறியப்பட்டவர்களும் ஏழைப் பெண்களே. நம் நாட்டில் இந்நோயின் கதை பெண்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதை நினைவிற்கொள்க.

அக்காலத்தில் இந்நோய் வந்தவர்க்கு மருத்துவர் சொல்லக்கூடிய ஆறுதல் மிகக் குறைவு. 1987-இல் முதல் மருந்து வந்தது. 1996-ஆம் ஆண்டளவில், பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை பிறந்தது. அதன் பின்னரே மரணம் பின்வாங்கியது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசு இம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் எட்டு அரசு மருத்துவமனைகளிலே கிடைத்தன. அவற்றுள் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், நோய் கண்டறியப்பட்ட அனைவருக்கும் காலந்தாழ்த்தாமல் மருந்து தொடங்குவதென்பது நாட்டின் கொள்கையாயிற்று. இன்று இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். அவர்களுள் ஐவரில் இருவருக்கு மேல் பெண்கள். அப்பெண்களுள் மிகப் பலர், தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள்.

ஒழுங்காக மருந்து உண்பவர் இன்று பிறரைப் போலவே முதுமை எய்தலாம். மகிழத்தக்க இச்செய்தியே புதிய வினா ஒன்றை எழுப்புகிறது. உயிர் நின்றது, அவ்வுயிர் குடியிருக்கும் உடல் எவ்வாறு இருக்கிறது? சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்!

மருந்தில்லாத காலத்தில் இந்நோய் தசையைத் தின்றது, உடல் எலும்புக்கூடாயிற்று. மருந்து வந்த காலத்தில் வேறொரு துன்பம் வந்தது. ஸ்டாவுடின் என்னும் பழைய மருந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. ஆயினும் முகத்திலும் கை கால்களிலும் உள்ள கொழுப்பை அது கரைத்துவிட்டது. சிலருக்கு வயிற்றிலும் பிடரியிலும் கொழுப்புத் திரண்டது. நம் சமையற்கூடத்து அம்மையாரிடம் நாம் கண்ட உருவம் இதுவே என்று இப்போது எண்ணுகிறோம். அதை நாம் ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகப் படித்தோம். உண்மையில் அஃது ஓர் ஏழைத்தாய் தவறாமல் மருந்து உண்டதன் அடையாளம். அம்மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. இன்று அதற்கு மாறாக மேலான மருந்துகள் உள்ளன.

இன்றைய மருந்துகளுள் முதன்மையானது டொலுடெக்ராவிர். கிருமியை விரைந்து அடக்குவதில் அதற்கு நிகர் அரிது. எனினும், அதை உண்போர் சிலருக்கு எடை கூடுகிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2019-இல் முடிவு வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆண்களினும் பெண்களுக்கே எடை மிகுதியாகக் கூடியது தெரியவந்தது. மேலும், கிருமி அடங்கியிருக்கும்போதும் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். அது இரத்தக் குழாய்களைக் கெடுப்பது; இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்வது. இவற்றோடு நம் இனத்துக்கே உரிய இயல்பும் சேர்கிறது: இந்தியர் பார்வைக்கு ஒல்லியாக இருப்பினும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும் பாங்குடையவர். இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கை என்று மருத்துவர் கூறுவது இதனால்தான். ஆக, கிருமியிடமிருந்து தப்பிய பெண்ணைச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வாயிலில் காத்திருந்து பிடிக்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். எடை கூடுகிறதே என்று அஞ்சி எவரும் மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வடிவமும் எடுக்கலாம். குறையை மருத்துவரிடம் கூறுக. மருந்தை மாற்றுவதா, தொடர்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது யாது? தசையை வளர்ப்பதே அது. தசை என்பது வெறும் வலிமைக்கு உரியது என்று எண்ணுகிறோம். உண்மையில், உணவால் இரத்தத்தில் சேரும் சர்க்கரையை ஏற்று வைக்கும் மிகப் பெரிய களஞ்சியம் தசையே. அறுவடை நாளில் நெல் வண்டி வண்டியாக வருகிறது. வீட்டிலே குதிர் சிறிதாயின் நெல் முற்றத்தில் கிடந்து பாழாகிறது. அதுபோலவே, தசை குறைந்த உடலில் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. இயல்பாக இக்களஞ்சியத்தின் கதவைத் திறப்பது இன்சுலின். அழற்சியாலும் கொழுப்பாலும் இன்சுலினின் சொல் எடுபடாத உடலிலே, அக்கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால், தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலேயே மற்றொரு வாயில் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னரும் பல மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்கு செவி சாய்க்கிறது. எனவே, வலுப் பயிற்சி செய்பவர் குதிரையும் பெரிதாக்குகிறார். கதவையும் திறந்து வைக்கிறார்.

எலும்புக்கும் இதனால் நன்மையுண்டு. இன்று பெருவழக்கில் உள்ள டெனோபோவிர் மருந்து எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு இயல்பாகவே தேயும். பாரத்தைத் தாங்கும் எலும்பே உறுதி பெறும். ஆதலின், வலுப் பயிற்சி இவ்விரு வகைத் தேய்வுக்கும் ஒருவாறு ஈடு செய்கிறது.

இவையெல்லாம் வெறும் கருத்தா, மெய்ப்பித்த செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். 2006-ஆம் ஆண்டில் வெளியான பாஸ்டன் நகரத்து ஆய்வு ஒன்று உண்டு. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 40 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு 16 வாரம், அவரவர் வீட்டிலேயே, மேற்பார்வையோடு வலுப் பயிற்சியும் மூச்சுத் திறன் வளர்க்கும் பயிற்சியும் தந்தனர். பயிற்சி பெற்றவர்களின் தசை வளர்ந்தது, வலிமை மிகுந்தது, களைப்பின்றி உழைக்கும் ஆற்றல் கூடியது. உள்ளத்திலே ஊக்கம் பிறந்ததாகவும், தம் தோற்றம் நன்றாயிற்று என்றும் அவர்களே கூறினர். ஆயினும், இரத்தக் கொழுப்பிலும் இரத்த அழுத்தத்திலும் வயிற்றுக்குள் உள்ள கொழுப்பிலும் அந்த 16 வாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதே முறை. பயிற்சி சர்வரோக நிவாரணி அன்று. உணவு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டிய நான்காவது தூண்.

பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோரும், உடல்நிலை சீராக உள்ள எச்.ஐ.வி. நோயாளர்க்கு வலுப் பயிற்சி தீங்கற்றது, பயனுள்ளது என்றே கண்டனர். அவ்வாய்வுகளில் பலவற்றில் ஆண்களே மிகுதி என்பது ஒரு குறை. பெண்களைக் குறித்து இன்னும் ஆராய வேண்டியது மிக உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எச்.ஐ.வி.யோடு வாழ்வோரையும் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை விரைந்த நடை போன்ற மிதமான உழைப்பு, அதனோடு வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி.

'நாள் முழுதும் வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா?' என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்தனர். உரலில் நெல் குத்தினர். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தனர். அவ்வுழைப்பைப் போற்றி அவர்கள் பட்ட துன்பத்தை மீண்டும் அழைக்க நாம் விரும்பவில்லை. ஆனால், இன்று காலனி வீட்டில் குழாய் உண்டு, மிக்ஸி உண்டு, கிரைண்டர் உண்டு. வேலை நம்மைக் களைப்படையச் செய்கிறது, வலிமையடையச் செய்வதில்லை. தசை வளர வேண்டுமாயின், பழகிய பாரத்தினும் சிறிது மிகுதியான பாரத்தை அதற்குப் படிப்படியாகத் தர வேண்டும். 'எடை தூக்குவது ஆண்களுக்கு உரியது' என்பாரும் உளர். அண்டாவைத் தூக்கிய கை யாருடையது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

செய்முறை எளியது. நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மீண்டும் மெல்ல அமர்தல் ஒன்று. பிள்ளையார் முன் நாம் போடும் தோப்புக்கரணமும் ஏறத்தாழ இதுவே; முழங்கால் வலி உள்ளவர் பாதியளவு தாழ்ந்தால் போதும். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் இரண்டாவது. ஒரு லிட்டர் நீர் நிறைந்த பாட்டிலை ஒவ்வொரு கையிலும் ஏந்தி, தோள் வரையும் பின் தலைக்கு மேலும் உயர்த்துவது மூன்றாவது. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி இட்டு, முன்புறம் சற்றே சாய்ந்து இடுப்பு வரை இழுப்பது நான்காவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது ஐந்தாவது. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்க. சற்று இளைப்பாறி மீண்டும் ஒரு சுற்று செய்க. பன்னிரண்டும் எளிதாயின பின் பாரத்தைச் சிறிது கூட்டுக. மூச்சை அடக்கலாகாது, தூக்கும்போது மூச்சை வெளிவிடுக. இரு பயிற்சி நாள்களுக்கு இடையே ஒரு நாளாவது தசைக்கு ஓய்வு தருக.

தசை காற்றில் வளராது. ஒவ்வொரு வேளையும் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கத்துக்கு ஏற்பப் புரதம் வேண்டும். சோற்றைக் குவித்து, பருப்பை ஓரத்தில் ஒழுகவிடும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நலம்.

எச்சரிக்கைகளும் உண்டு. காய்ச்சல் உள்ளபோதும், காசநோய் முதலியவை தீவிரமாக உள்ளபோதும் பயிற்சி கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. கருவுற்றவரும், சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்கச் செல்லும்போதே, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றின் பரிசோதனை குறித்தும் கேட்டுக்கொள்வது நன்று. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், எச்.ஐ.வி. உள்ள 40 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பிடாவாஸ்டாடின் என்னும் மாத்திரை தந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 35 விழுக்காடு குறைந்தன. அத்தகைய மருந்து தமக்குத் தகுமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

இனி, நம் கடமைக்கு வருவோம். இவ்வளவு கேட்டபின், 'நம் காலனியில் அப்படி ஒருவரும் இல்லையே' என்று சிலர் எண்ணலாம். இல்லை என்பதற்கு என்ன சான்று? இருப்பவர் சொல்லமாட்டார் என்பதே உண்மை. 2009-இல் நாம் நடந்துகொண்ட முறையைக் கண்டவர் எவ்வாறு வாய் திறப்பார்? மாத்திரைப் புட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு அரிசிப் பானையில் ஒளித்து வைப்பார். தெரிந்தவர் கண்ணில் படாதிருக்க இரு பேருந்து மாறித் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வார். நம்மோடு இதே கூடத்தில் அமர்ந்து இப்பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்காக இதைச் சொல்லுகிறோம். கைகோப்பதாலும், ஒரே பாயில் அமர்வதாலும், வியர்வையாலும், ஒரே டம்ளரில் நீர் அருந்துவதாலும் இக்கிருமி பரவாது. மருந்தால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நிலைத்திருக்குமாயின், உடலுறவாலும் அது பிறர்க்குப் பரவாது. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் குடியிருக்க வீடு தருவதிலும் இவர்களை வேறுபடுத்துவதைத் தடை செய்கிறது. அன்று நாம் செய்தது இன்று அறத்துக்கு மட்டுமன்றி, சட்டத்துக்கும் மாறானது. ஐயம் உள்ளவர் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பெயர் கூறாமலே கேட்கலாம்.

ஆதலின், ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வாரத்தில் இரு மாலை, ஒரு மணி நேரம், சங்கத்தின் இக்கூடத்தைப் பெண்களின் உடற்பயிற்சிக்குத் திறந்து வைப்போம். காலனியின் இல்லத்தரசியரும் வரட்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும் வரட்டும். வருபவரிடம் என்ன நோய் என்று கேட்க வேண்டா. எந்தப் பதிவேட்டிலும் எழுத வேண்டா. சர்க்கரை உள்ளவரும் கொதிப்பு உள்ளவரும் ஒன்றும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்று கை உயர்த்தும்போது, யார் எதற்காக வந்தார் என்பதை எவரும் அறியார். அந்த அறியாமை நாம் ஒருவர்க்கொருவர் அளிக்கும் கண்ணியம்.

சமையற்கூடத்து அம்மையார் இப்போது எங்கிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நம்மால் அவரிடம் மன்னிப்புக் கேட்க இயலவில்லை. அவருக்கு மூடிய கதவை இன்னொருவருக்குத் திறந்து வைப்பதே நம்மால் இயன்ற கழுவாய். வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நாற்காலிகளை ஓரம் நகர்த்தி வைத்திருப்போம். தாய்மார்கள் ஆளுக்கு இரண்டு நீர்ப்பாட்டிலோடு வந்து சேருமாறு பணிந்து வேண்டி அமைகிறோம்.